பெண் மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்பு: எதற்காகச் சேரலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

நிர்வாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தலைமைப் பயிற்சி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கு நான் மேலாளர். கட்டணத்தை என் நிறுவனம் செலுத்தியது. வகுப்பை நடத்தும் அமைப்பின் பெயரைச் சொல்லாமலே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏனெனில் இதில் நான் கண்ட நிறைகளும் குறைகளும் இந்த ஒரு வகுப்போடு முடிபவை அல்ல. சேர்வதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்த வேறு சில வகுப்புகளின் பாடத்திட்டங்களும் ஏறத்தாழ இதே அச்சில் வார்க்கப்பட்டவையாகவே இருந்தன. தன் குழுவிடமும் சக மேலாளர்களிடமும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று உணரும் ஒரு பெண், இப்படிப்பட்ட வகுப்பில் நேரத்தையும் பணத்தையும் செலவிடலாமா என்பதுதான் கேள்வி. செலவிடலாம், ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல என்பது என் விடை. மதிப்பைப் பெறுவது ஒரு தனிமனிதத் திறன் என்றும், அதைக் கற்றவரை மதிப்பு தேடி வரும் என்றும் விளம்பரம் சொல்கிறது. அதில் பாதிதான் உண்மை. மறுபாதி அந்தப் பெண்ணின் கையில் இல்லை. அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியவரின் கையில் இருக்கிறது. முதல் பாதியை இந்த வகுப்பு நன்றாகவே கையாள்கிறது. இரண்டாவதைப் பற்றி அனேகமாக வாய் திறப்பதில்லை.

வாரம் ஓர் அமர்வாக இணையவழியில் நடந்த இந்த வகுப்பின் இறுதி அமர்வுகள் மட்டும் நேரில் நடத்தப்பட்டன. ஒரு வங்கிக் கிளையின் மேலாளர், ஒரு மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர், மென்பொருள் குழு ஒன்றின் தலைவர், சரக்குக் கிடங்கின் பொறுப்பாளர் எனத் துறைகள் கலந்த குழு எங்களுடையது. ஒருவர் தொழிலின் நுணுக்கம் மற்றவருக்குப் புரியாது என்பது தொடக்கத்தில் தடையாகத் தோன்றினாலும், போகப் போக அதுவே இந்த வகுப்பின் பலமாயிற்று. தொழில்கள் வேறாக இருந்தும் குறைகள் ஒன்றாகவே இருந்தன. கூட்டத்தில் தான் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளாத யோசனை, சற்றுப் பின்னர் ஓர் ஆண் சொன்னதும் தலையாட்டலோடு ஏற்கப்படுவது. விற்பனையாளர் தன்னை விட்டுவிட்டுத் தன் உதவியாளரைப் பார்த்தே விலை பேசுவது. தான் எடுத்த முடிவை ஊழியர்கள் இன்னொரு முறை மேலதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது. இவை தனக்கு மட்டும் நேர்பவை அல்ல என்று தெரிந்துகொள்வதற்கே இப்படியொரு குழு தேவைப்படுகிறது.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி ஒத்திகை. ஒவ்வொருவரும் தம் பணியிடத்தில் உண்மையாக நிகழ்ந்த ஒரு சிக்கலை எழுதித் தர வேண்டும். அதில் எதிர்த்தரப்பாகப் பயிற்றுநரே நடிப்பார். உற்பத்திப் பிரிவொன்றை நீண்ட காலம் நடத்திய அனுபவம் உள்ளவர் என்பதால், தயங்கும் ஊழியராகவும், சிரித்துக்கொண்டே தட்டிக்கழிப்பவராகவும், பணிவான சொற்களால் கட்டளையைக் கிடப்பில் போடுபவராகவும் அவர் மாறிய விதம் எங்கள் அனைவருக்கும் நன்கு அறிமுகமானதாக இருந்தது. நான் எழுதிக்கொடுத்த சிக்கல் இது: என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர், நான் தேதி குறித்திருந்த ஓர் இயந்திரத்தின் பராமரிப்பைத் தள்ளிவைக்க, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் என் மேலதிகாரியிடம் நேராகச் சென்று ஒப்புதல் வாங்கி வந்துவிட்டார். இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் செய்வது மூன்றில் ஒன்று: கடிந்துகொள்வது, கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது, அல்லது மேலதிகாரியிடம் முறையிடுவது.

பயிற்றுநர் காட்டிய வழி வேறு. முடிவு சரியா என்பதையும், முடிவு எந்த வழியில் வந்தது என்பதையும் ஒரே பேச்சில் கலக்கக் கூடாது என்றார். முதலில் அந்த மேற்பார்வையாளரிடம் தள்ளிவைத்ததற்கான தொழில்நுட்பக் காரணத்தைக் கேட்க வேண்டும். அது சரியாக இருந்தால், அதை ஏற்று, என் கையெழுத்தோடு என் முடிவாகவே அறிவித்துவிட வேண்டும். பிறகு, தனியாக, வேறொரு நேரத்தில், வழியைப் பற்றி மட்டும் பேச வேண்டும்: “காரணம் சரிதான். அடுத்த முறை இதை என்னிடம் சொல்லுங்கள், இந்த முடிவை எடுக்க வேண்டியவள் நான்.” அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது பேச்சு மேலதிகாரியோடு, அதில் குறை கூறல் இல்லை, ஒரே ஒரு வேண்டுகோள்தான்: இனி யாராவது நேராக வந்தால், “மேலாளரிடம் பேசினீர்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். மூன்று பேச்சையும் நான் ஒத்திகை பார்த்தேன். இரண்டாவதில் “சொல்லுங்கள்” என்பதற்குப் பதிலாக “சொன்னால் நன்றாக இருக்கும்” என்று என் வாய் தானாக வளைந்ததைப் பயிற்றுநர் நிறுத்திக் காட்டினார். இந்த அளவு நுணுக்கமான கவனம் படித்துப் பெறக்கூடியது அல்ல. எதிரில் ஓர் ஆள் இருந்தால்தான் கிடைக்கும். இந்த ஒத்திகை அமர்வுகளுக்காக மட்டுமே கூட இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முடிவைச் சொன்னபின் இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தொடங்கும் எவரையும் பயிற்றுநர் கையமர்த்தினார். நீளும் விளக்கம், முடிவு இன்னும் பேரத்துக்கு உரியது என்ற எண்ணத்தைத் தருகிறது என்பது அவர் வாதம். விடுப்பு, பணிநேரம், அறை ஒதுக்கீடு போன்றவற்றில் இது சரியாக இருக்கலாம். மின்சாரமும் அழுத்தக் கொதிகலனும் உள்ள இடத்தில் காரணம் தெரியாத கட்டளை ஆபத்தானது. இந்தச் சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார் என்பதும், பெண் தலைமை பற்றிய ஒரு வகுப்பில் அவர் பெயர் ஒருமுறை கூட வரவில்லை என்பதும் வியப்பளிக்கிறது. 1868 முதல் 1933 வரை வாழ்ந்த அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட், 1920களில் தொழில் நிர்வாகிகளுக்கு ஆற்றிய உரைகளில், கட்டளையை ஒருவர் இன்னொருவருக்கு இடுவதாக வைத்துக்கொள்ளாமல், இருவரும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்து, அந்த நிலைமை எதைக் கோருகிறதோ அதற்கு இருவருமே கட்டுப்பட வேண்டும் என்றார். பிறர் மேல் செலுத்தும் அதிகாரத்தையும் பிறரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டியவரும் அவர்தான். என் பிரிவில் இது எவ்வாறு செயல்படுகிறது என்றால், பேரிங்கின் அதிர்வு இந்த அளவைத் தாண்டினால் இயந்திரம் நிறுத்தப்படும் என்ற வரம்பை மேற்பார்வையாளர்களோடு உட்கார்ந்து முடிவு செய்து எழுதி ஒட்டியபின், இயந்திரத்தை நிறுத்தச் சொல்வது என் குரலாக இருப்பதில்லை, அளவீடாக இருக்கிறது. அந்த வரம்பை மீறி ஓட்ட விரும்புகிறவர் என்னோடு மல்லுக்கு நிற்க முடியாது. தானும் ஒப்புக்கொண்ட எண்ணோடுதான் நிற்க வேண்டும். கட்டளையிடுபவரின் பாலினம் கேள்விக்குள்ளாகும் இடங்களில் இந்த அணுகுமுறை தரும் பயன் மிகப் பெரியது. பயிற்சி அமைப்பு இதற்கு ஓர் அமர்வையாவது ஒதுக்க வேண்டும்.

கோபத்தைப் பற்றிய அமர்வு, ஆய்வைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விக்டோரியா பிரெஸ்கால், எரிக் உல்மன் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பணியிடத்தில் கோபத்தை வெளிப்படுத்திய ஆணுக்குப் பார்வையாளர்கள் உயர்ந்த மதிப்பை அளித்தனர். அதே கோபத்தை வெளிப்படுத்திய பெண்ணுக்கு, அவர் பயிற்சி ஊழியராக இருந்தாலும் தலைமை நிர்வாகியாக இருந்தாலும், குறைந்த மதிப்பையே அளித்தனர். ஆணின் கோபத்துக்குக் காரணம் சூழ்நிலை என்றும், பெண்ணின் கோபத்துக்குக் காரணம் அவர் சுபாவம் என்றும் பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோபத்தோடு அதற்கான புறக் காரணமும் சொல்லப்பட்டபோது அந்தப் பாரபட்சம் மறைந்தது. இதிலிருந்து பயிற்றுநர் வடித்துக்கொடுத்த பயிற்சி எளியது: கோபத்தை விழுங்காதீர்கள், ஆனால் அதே மூச்சில் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். “மின்பெட்டியைப் பூட்டுப் போடாமல் திறந்திருக்கிறீர்கள், ஒருவர் உயிர் போயிருக்கும், அதனால்தான் கோபப்படுகிறேன்” என்பதற்கும், “எத்தனை தடவை சொல்வது?” என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை ஒத்திகையில் உணர முடிந்தது. ஓர் ஆண் மேலாளருக்குத் தேவைப்படாத இந்தக் கூடுதல் உழைப்பைப் பெண்ணிடம் கேட்பது நியாயமில்லை என்பதைப் பயிற்றுநர் தாமே ஒப்புக்கொண்டதையும் குறிப்பிட வேண்டும். அந்த நேர்மை எல்லா அமர்விலும் இருந்திருக்கலாம்.

ஏனென்றால், உடல்மொழி, குரல் பற்றிய அமர்வுகள் வகுப்பின் மிகப் பலவீனமான பகுதி. அவைதான் மிக நீண்டவையும் கூட. கைகளை இடுப்பில் ஊன்றிக் கால்களை அகட்டி இரண்டு நிமிடம் நின்றால் உடலில் ஹார்மோன்கள் மாறித் துணிச்சல் பெருகும் என்று சொல்லி எங்களை நிற்க வைத்தார்கள். இந்தக் கருத்து 2010இல் டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் ஆகியோர் 42 பேரை வைத்து நடத்திய ஆய்விலிருந்து வந்தது. 2015இல் ஈவா ரேன்ஹில் தலைமையிலான குழு 200 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்தபோது, ஹார்மோனிலும் நடத்தையிலும் எந்த மாற்றமும் தென்படவில்லை. தாம் வலிமையாக உணர்வதாகப் பங்கேற்றவர்கள் சொன்னது மட்டுமே மிஞ்சியது. முதல் ஆய்வை நடத்திய கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மையானது என்று தாம் இனி நம்பவில்லை என வெளிப்படையாக அறிவித்தார். இத்தனைக்குப் பின்னும் அதை நிறுவப்பட்ட அறிவியலாகக் கற்பிப்பது, கட்டணம் வாங்கும் ஓர் அமைப்புக்கு அழகல்ல.

அடுத்து வந்தது, செய்தியில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்ற பழைய படம். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் செய்த சோதனைகள், தனிச் சொற்களைக் கொண்டு, ஒருவர் மற்றவர் மேல் வைத்திருக்கும் விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை மட்டும் ஆராய்ந்தவை. பொதுவான பேச்சுக்கு இந்த எண்கள் பொருந்தா என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். பராமரிப்பு அறிக்கையின் உள்ளடக்கத்துக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்று நம்பும் மேலாளரின் கீழ் வேலை செய்ய நான் அஞ்சுவேன். குரலைத் தாழ்த்திப் பேசப் பழகுவதற்கு பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்மாதிரியாகக் காட்டப்பட்டார். 1970களில் அவர் குரல் பயிற்சி எடுத்துக்கொண்டதும், குரல் தாழ்ந்ததும் உண்மை. ஆனால் அவருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்த அமைச்சரவைக்கு, குரலைவிட வலுவான ஒரு காரணம் இருந்தது: யாரை அமைச்சராக வைப்பது, யாரை நீக்குவது என்ற அதிகாரம் அவரிடம் இருந்தது.

கூட்டங்களில் அதிகமாகப் பேசுங்கள், இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்ற அறிவுரையும் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வந்தது. கோபம் பற்றிய அமர்வில் மேற்கோளாக வந்த அதே பிரெஸ்கால், 2011இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் கண்டது இந்த அறிவுரைக்கு நேர் எதிரானது: மற்றவர்களைவிட அதிகம் பேசும் தலைமை நிர்வாகி ஆணாக இருந்தால் அவர் திறமையின் மதிப்பீடு உயர்ந்தது, பெண்ணாக இருந்தால் சரிந்தது, மதிப்பிட்டவர்கள் ஆண்களாக இருந்தாலும் பெண்களாக இருந்தாலும் இதே முடிவுதான். பேசக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எவ்வளவு பேசுகிறோம் என்பதைவிட, பேசியது கூட்டக் குறிப்பில் யார் பெயரில் பதிவாகிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு ஒபாமா கால வெள்ளை மாளிகையில் பெண் ஊழியர்கள் கையாண்ட முறையை வகுப்பில் சொன்னார்கள்: ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், இன்னொரு பெண் அவர் பெயரைச் சொல்லி அதைத் திரும்ப எடுத்துரைப்பார், பிறர் அதைத் தம் கருத்தாக்கிக்கொள்ள வழியிருக்காது. நல்ல முறைதான், ஆனால் அதற்கு அந்த அறையில் இரண்டாவது பெண் ஒருவர் தேவை. நான் உட்காரும் உற்பத்திக் கூட்டத்தில் அப்படி யாரும் இல்லை. பெரும்பான்மைக் கூட்டத்தில் தனித்து நிற்கும் ஒருவர் அளவுக்கு மீறிப் பார்வைக்கு உள்ளாவதையும், அவருடைய ஒவ்வொரு செயலும் அவர் சார்ந்த இனம் முழுவதற்கும் சான்றாகக் கொள்ளப்படுவதையும் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977இலேயே விவரித்துவிட்டார்; தனியாக இருக்கும் பெண் என்ன செய்வது என்பதற்கு வகுப்பில் விடை இல்லை. ஒத்த மனமுள்ள ஆண் சகா ஒருவரிடம் இந்த முறையை விளக்கி, பரஸ்பரம் செய்துகொள்ள ஒப்புக்கொள்வதே என் அனுபவத்தில் நடைமுறைக்கு ஏற்றது. இதற்கு அவர்கள் மறுப்பதும் அரிது, ஏனெனில் தம் பெயர் எடுத்துரைக்கப்படுவதை யாரும் வெறுப்பதில்லை.

தன் தகுதி மீது தனக்கே வரும் ஐயத்தைப் பற்றிய அமர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 1978இல் விவரித்த அந்த மனநிலை உண்மையானதுதான். ஆனால் மேலாளரின் முடிவை மற்றவர்கள் ஐயுறும் இடத்தில், அவர் தன்னைத்தானே ஐயுறுவதற்கு மருந்து கொடுப்பது இடம் மாறிய வைத்தியம்.

யாருக்கும் பெருமை தராத பொதுவேலைகள் பற்றிய அமர்வு இதைவிட மேலானது. கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு, புதியவர்களுக்கு இடம் காட்டுவது போன்று, செய்யப்பட வேண்டியவை ஆனால் பணி உயர்வின்போது எவரும் எண்ணிப் பார்க்காதவை இவை. லிண்டா பாப்காக்கும் அவருடன் மூன்று பொருளாதார, நிர்வாக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்கு முன்வருவதற்கான வாய்ப்பு பெண்களிடம் ஆண்களைவிட 48 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முன்வரும்படி கேட்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தபோது, கேட்டவர் ஆணோ பெண்ணோ, பெண்களையே 44 விழுக்காடு அதிகமாகக் கேட்டார். பெண்கள் மட்டும் உள்ள குழுவையும் ஆண்கள் மட்டும் உள்ள குழுவையும் ஒப்பிட்டால் முன்வருவதில் வேறுபாடு இல்லை. ஆகவே இது பெண்ணின் இயல்பு பற்றியது அல்ல. கலந்திருக்கும்போது அவர் செய்வார் என்று எல்லோரும் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு பற்றியது. வகுப்பு இதிலிருந்து எடுத்த பாடம், “இல்லை” என்று சொல்லப் பழகுங்கள் என்பது. இங்கே ஒரு கோணம் தவறிவிட்டது. நாங்கள் அனைவரும் மேலாளர்கள். இந்த வேலைகளைப் பெறுகிறவர்கள் மட்டுமல்லர், பங்கிடுகிறவர்களும் நாங்களே. யார் முன்வருகிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, சுழற்சிப் பட்டியல் ஒன்றை எழுதி அதில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் மேலாளர், தன் கீழுள்ள இளம் பெண்களுக்கு எந்தச் சொற்பொழிவைவிடவும் அதிகமாக உதவுகிறார்.

இனி, இந்த வகுப்பு பேசாமல் விட்ட பாதிக்கு வருகிறேன். ஹெய்டி ரோய்சன் என்ற தொழில்முனைவோரைப் பற்றிய ஹார்வர்டு பாடம் ஒன்றைக் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்பில் பயன்படுத்தி, மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பெயரை ஹோவர்டு என்று மாற்றிக்கொடுத்த சோதனை முதல் அமர்வில் சொல்லப்பட்டது. பெயர் தவிர வேறு எதுவும் மாறவில்லை. பெண் வென்றால் மதிக்க மாட்டார்கள் என்பதற்குச் சான்றாக அதை எங்களுக்குச் சொன்னார்கள். சோதனை காட்டியது சற்று வேறானது. மாணவர்கள் இருவரையும் திறமையில் சமமாகவே மதிப்பிட்டனர். ஆனால் ஹோவர்டை விரும்பிய அளவுக்கு ஹெய்டியை விரும்பவில்லை, அவரைத் தன்னலம் மிக்கவராகக் கருதினர். மதிப்பும் விருப்பமும் வெவ்வேறு கணக்குகள் என்பதே இங்குள்ள செய்தி. மதிப்பை எதிர்பார்த்து வந்த பெண்களுக்கு, விரும்பப்படுவதற்கான வழிகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பும் அமர்வுகள் இந்த வகுப்பில் ஒன்றுக்கு மேல் இருந்தன. மென்மையான முன்னுரை, புன்னகை, மின்னஞ்சலின் இறுதியில் ஒரு கனிவான வரி ஆகியவை தீங்கற்றவைதாம். அவற்றால் மேலாளரின் முடிவு நிறைவேறுவதில்லை.

முடிவு எதனால் நிறைவேறுகிறது என்பதற்கு 1998இல் ஜானிஸ் யோடரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்குப் பெண்களைத் தலைவர்களாக நியமித்தனர். ஒரு பிரிவில் நியமனம் மட்டும்; இன்னொன்றில் நியமனத்தோடு, செய்ய வேண்டிய வேலையில் முன்கூட்டியே பயிற்சி; மூன்றாவதில் இவ்விரண்டோடு, சோதனையை நடத்தும் ஆண் ஒருவர், இந்தத் தலைவர் சிறப்புப் பயிற்சி பெற்றவர், அவர் சொல்வது உங்கள் வேலைக்கு உதவும் என்று குழுவிடம் எடுத்துச் சொன்னார். தலைவரின் சொல் குழுவின் செயல்திறனில் பயன் தந்தது மூன்றாவது பிரிவில்தான். பயிற்சி பெற்றும், அது குழுவுக்கு எடுத்துச் சொல்லப்படாத இரண்டாவது பிரிவுப் பெண்களால் அந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியவில்லை. நாங்கள் அனைவரும் அந்த இரண்டாவது பிரிவாகவே வகுப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறோம்.

நிறுவனங்களின் கவனத்துக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பெண்ணை மேலாளராக்கிவிட்டு அவரைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள், தாங்கள் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டு அனுப்புகிறார்களா? நியமனத்தை அறிவிக்கும்போது, வாழ்த்தோடு நிறுத்தாமல், எந்த அனுபவத்தின் அடிப்படையில், எந்தச் சாதனைக்காக இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று குழுவின் முன் மேலதிகாரி சொன்னாரா? எந்தத் தொகை வரை, எந்த முடிவு வரை இவருடைய கையெழுத்தே இறுதியானது என்று எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இவரைத் தாண்டி வருகிறவரை மேலதிகாரி திருப்பி அனுப்புகிறாரா, அல்லது வந்தவரின் மனம் நோகாதிருக்க ஒரு சின்ன விதிவிலக்கு கொடுக்கிறாரா? அந்த ஒரு விதிவிலக்கு, மேலாளரின் பல மாத உழைப்பைக் கலைத்துவிடும். அதை ஒத்திகையால் ஈடுகட்ட முடியாது. பயிற்சி அமைப்பு உண்மையிலேயே பயன் தர விரும்பினால், அனுப்பும் மேலதிகாரிக்கும் ஓர் அமர்வைக் கட்டாயமாக்க வேண்டும். அவர் வர மறுத்தால் அந்த நிறுவனத்தின் கட்டணத்தை ஏற்காமல் விடும் துணிவும் வேண்டும். இப்போது இருப்பது, விரும்பினால் மேலதிகாரிக்கு அனுப்பலாம் என்று பாடப்பொருளின் கடைசிப் பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்ட ஒரு மாதிரிக் கடிதம் மட்டும்.

மதிக்க மறுப்பவர் எப்போதும் ஓர் ஆண் என்ற அனுமானமும் பாடத்திட்டம் முழுவதிலும் ஓடுகிறது. வர்ஜீனியா ஷைன் 1973இல், காப்பீட்டு நிறுவனங்களின் ஆண் மேலாளர்களிடம், வெற்றிகரமான மேலாளரின் இயல்புகள் எவை, பொதுவாக ஆண்களின் இயல்புகள் எவை, பெண்களின் இயல்புகள் எவை என்று 92 சொற்கள் கொண்ட பட்டியலால் கேட்டபோது, மேலாளரின் படம் ஆணின் படத்தோடுதான் பொருந்தியது. 1975இல் பெண் மேலாளர்களிடம் அதையே கேட்டார், விடை மாறவில்லை. 1989இல் மீண்டும் கேட்டபோது பெண்களின் விடை மாறியிருந்தது, ஆண்களின் விடை மாறவில்லை. எதிர்ப்பு ஒரு பெண் ஊழியரிடமிருந்தும் வரலாம், நேற்றுவரை சமமாக இருந்த தோழியிடமிருந்தும் வரலாம். எங்கள் குழுவில் செவிலியர் கண்காணிப்பாளரின் சிக்கல் முழுவதும் அத்தகையது. அவருடைய கேள்விகளுக்கு வகுப்பில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

நிர்வாக ஏற்பாடுகளில் குறை அதிகம் இல்லை. அமர்வுகள் குறித்த நேரத்தில் தொடங்கின, பதிவுகள் மறுநாளே கிடைத்தன, ஒத்திகைக் குழுக்கள் சிறியவையாக இருந்தன. பாடப்பொருள் அச்சில் அழகாக இருந்தாலும் ஆய்வுகளின் ஆண்டையோ ஆய்வாளர் பெயரையோ பெரும்பாலும் தருவதில்லை. சரிபார்க்க விரும்புகிறவர் தாமே தேடிக்கொள்ள வேண்டும். பயிற்றுநரைப் பொறுத்தே வகுப்பின் தரம் அமைகிறது என்பதால், சேர்வதற்கு முன் யார் நடத்துகிறார், அவர் எப்போதாவது ஒரு குழுவை நிர்வகித்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பொறுப்பேற்றுச் சில மாதங்கள் ஆனவர்களுக்கு இது மிகவும் ஏற்றது, ஏனெனில் ஒத்திகைக்குக் கொண்டுவர அவர்களிடம் உண்மையான சிக்கல் இருக்கும். பொறுப்பேற்கும் முன்பே சேர்கிறவர்கள் கற்பனைச் சிக்கல்களோடு மல்லாட நேரும்; பல ஆண்டுகள் நிர்வாகத்தில் இருப்பவர்கள் உடல்மொழி அமர்வுகளில் பொறுமை இழப்பார்கள். ஒத்திகை அமர்வுகளை மட்டும் தனியாகப் பெற வழியுண்டா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார்கள்.

வகுப்பு முடிந்து சில வாரங்களுக்குப் பின் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று வந்தது. உங்கள் தன்னம்பிக்கை முன்பைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது, உங்கள் குரலில் மாற்றத்தை உணர்கிறீர்களா, பிற பெண்களுக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைப்பீர்களா என்பவை கேள்விகள். எல்லாக் கேள்விகளும் என்னை நோக்கியவை. கடந்த மாதத்தில் உங்கள் எத்தனை முடிவுகள் உங்களைத் தாண்டி மேலே கொண்டுபோகப்பட்டன, அவற்றுள் எத்தனையை மேலதிகாரி உங்களிடமே திருப்பி அனுப்பினார், உங்கள் கையெழுத்துக்கு உரிய எல்லை எழுத்தில் வந்துவிட்டதா என்ற கேள்விகள் அதில் இல்லை. பிற கருத்துகளுக்கென்று விடப்பட்டிருந்த இடத்தில் இந்த மூன்றையும் எழுதி, படிவத்தின் நகல் ஒன்றை என் மேலதிகாரிக்கும் அனுப்பியிருக்கிறேன்.